சொட்டு மருந்து எட்டாத கண்

கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு மாடிவீட்டு அறையில் வளரும் போல் பைத்தன் என்ற வெளிநாட்டு மலைப்பாம்பின் கண் மங்கிப்போனால், வீட்டுக்காரர் முதலில் ஓடுவது பக்கத்துப் பாமசிக்குத்தான். மனிதருக்கோ நாய்க்கோ எழுதிக் கொடுக்கும் கண்சொட்டு மருந்து ஒன்று கைக்கு வரும். நாளுக்கு மூன்று வேளை விட்டுப் பார்ப்பார். ஒரு வாரம் கழித்தும் கண் அப்படியே இருக்கும், இல்லாவிட்டால் இன்னும் வீங்கியிருக்கும். மருந்தைக் குறை சொல்ல முடியாது. அது பாம்பின் கண்ணைத் தொடவேயில்லை.

பாம்புக்கு இமை கிடையாது என்றுதான் சொல்லிப் பழகியிருக்கிறோம். ஆனால் கருவாக இருக்கும்போதே அதன் மேலிமையும் கீழிமையும் ஒட்டிக்கொண்டு, ஒளி புகும் ஒற்றைச் செதிலாகிவிடுகின்றன. கைக்கடிகாரத்தின் முள்ளுக்கு மேலே கண்ணாடி நிற்பதுபோல இந்தக் கண்ணாடிச் செதில் விழிக்கு மேலே நிற்கிறது. நாம் விடும் சொட்டு இதன்மேல்தான் விழுகிறது. செதிலுக்குக் கீழே மெல்லிய இடைவெளி ஒன்று உண்டு. கண்குழிக்குள் இருக்கும் ஹார்டர் சுரப்பி அதில் கண்ணீரை நிரப்புகிறது. அந்தக் கண்ணீர் வெளியே வழிய இடமில்லாததால், நுண்ணிய குழாய் ஒன்றின் வழியாக வாயின் மேலண்ணத்தில், நாக்கு மணம் கொண்டுசேர்க்கும் ஜேக்கப்சன் உறுப்புக்கு அருகே வடிகிறது. இடைவெளிக்கும் கீழேதான் கருவிழிப் படலம், கண்மணி, வில்லை, விழித்திரை எல்லாம்.

ஆக, பாம்பின் கண்ணில் கோளாறு என்றால் முதற்கேள்வி ஒன்றே: செதிலிலா, இடைவெளியிலா, விழியிலா? இதற்கு விடை தெரியாமல் தொடங்கும் எந்த வைத்தியமும் குருட்டு வைத்தியம். செதிலில் வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை வீட்டிலேயே தீரும். இடைவெளியில் வந்தால் மிருக வைத்தியரின் கத்தி வேண்டும். விழியிலேயே வந்துவிட்டால் சிலவேளை கண்ணையே இழக்க நேரும்.

அடுக்கைக் கண்டுபிடிக்க விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. அறையை இருட்டாக்குங்கள். பாம்பின் கழுத்தை இறுக்காமல், தலை உங்கள் விரல்களின்மேல் தங்கும்படி பிடியுங்கள். சிறிய டோர்ச் ஒன்றைப் பக்கவாட்டில் இருந்து சரிவாக, கண்ணிலிருந்து ஒரு சாண் தூரத்தில் வைத்து அடியுங்கள். செதிலின்மேல் டோர்ச்சின் பிம்பம் ஒரு வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். டோர்ச்சை மெல்ல அசைத்தால் புள்ளியும் நகரும். அது கூர்மையாக, உடையாமல் வழுக்கிச் சென்றால் செதிலின் மேற்பரப்பு நலமாக இருக்கிறது. மங்கல் இருந்தால் அது உள்ளே இருக்கிறது. புள்ளி சிதறினாலோ, ஓர் இடத்தில் மடிந்து நெளிந்தாலோ கோளாறு மேற்பரப்பில். அடுத்து, தலைக்கு நேர் மேலிருந்து இரண்டு கண்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்று மற்றதைவிடப் புடைத்திருந்தால் இங்கேதான் பிடிபடும், பக்கத்திலிருந்து பார்த்தால் தெரியாது. பிறகு செதிலைச் சுற்றியுள்ள பள்ளம், கடைசியாக உதட்டோரம். கைத்தொலைபேசியில் ஒரே வெளிச்சத்தில், ஒரே கோணத்தில் தினமும் ஒரு படம் எடுத்து வையுங்கள். மிருக வைத்தியருக்கு நீங்கள் சொல்லும் கதையைவிட அந்த ஐந்தாறு படங்கள் அதிகம் சொல்லும்.

இரண்டு கண்களும் ஒரே நாளில் நீலம் கலந்த பால்நிறமாக மாறி, உடலின் நிறமும் மங்கி, பாம்பு இரையை மறுத்து ஒளிந்துகொண்டால் அது நோயில்லை. சட்டை கழற்றப் போகிறது. பழைய செதிலுக்கும் புதிய செதிலுக்கும் இடையே நீர்மம் ஊறுவதால் வரும் மங்கல் அது. சட்டை கழற்றுவதற்கு இரண்டு முதல் நான்கு நாள் முன்பு கண் மறுபடி தெளிந்துவிடும். தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஏறக்குறைய 7 முதல் 14 நாள் எடுக்கும். இந்த நாட்களில் கையில் எடுக்காமல் விடுவதே பெரிய உதவி. ஒரு கண் மட்டும் மங்கியிருந்தால், அல்லது சட்டை கழன்ற பின்னும் மங்கல் போகாவிட்டால், அப்போதுதான் கவலைப்பட வேண்டும். கண்மணியின் வடிவத்தைப் பார்த்துப் பயப்படுகிறவர்களும் உண்டு. போல் பைத்தனின் கண்மணி செங்குத்தான கீற்று, வீடுகளில் வளர்க்கும் இன்னோர் இனமான கோர்ன் ஸ்நேக்குக்கு வட்டம், நம் தோட்டங்களில் திரியும் கண்கொத்திப் பாம்புக்குப் படுக்கை வாட்டில் சாவித்துளை போன்றது. எல்லாம் அதனதன் இயல்பு.

கொழும்பு வீடுகளில் அதிகம் வரும் கோளாறு, சட்டை கழன்ற பின்னும் கண்ணாடிச் செதில் மட்டும் கழலாமல் ஒட்டிக்கொள்வது. இது பலருக்கு வியப்பாக இருக்கும். கடற்கரை நகரம், வெளியே காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 75 சதவீதத்துக்குக் குறையாது, பிறகு எப்படி வறட்சி? வறட்சி ஏசியிலிருந்து வருகிறது. இரவு முழுவதும் ஏசி ஓடும் அறையில் காற்றின் ஈரம் வழிந்து போய்விடும். அதே நேரம் கண்ணாடித் தொட்டியின் அடியில் வைக்கும் ஹீட் மேட் என்ற சூடேற்றும் விரிப்பு உள்ளிருக்கும் ஈரத்தையும் உலர்த்துகிறது. தொட்டியின் மேல்மூடி வலையாக இருந்தால் மிச்சமும் மேலே போய்விடும். அறையின் ஈரப்பதத்தை அளந்து பயனில்லை. ஈரப்பதமானியைத் தொட்டிக்குள், பாம்பு படுக்கும் மட்டத்தில் வைக்க வேண்டும். போல் பைத்தனுக்குச் சாதாரண நாட்களில் 55 முதல் 65 சதவீதம், சட்டை கழற்றும் நாட்களில் 70 முதல் 80 சதவீதம் வேண்டும். சூடான பக்கம் 31 முதல் 33 பாகை செல்சியஸ், குளிர்ந்த பக்கம் 25 முதல் 27 வரை. கோர்ன் ஸ்நேக்குக்கு இவற்றைவிடச் சற்றுக் குறைவு போதும்.

செதில் உண்மையிலேயே ஒட்டியிருக்கிறதா என்பதைக் கழன்ற சட்டையே சொல்லிவிடும். பாம்புச் சட்டை உட்புறம் வெளியாகப் புரண்டு கழலும். அதன் தலைப்பகுதியை வெதுவெதுப்பான நீரில் ஒரு நிமிடம் ஊறவைத்து, விரலில் உறைபோல மாட்டி வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். கண் இருந்த இடங்களில் கண்வில்லை போன்ற இரண்டு தெளிந்த வட்டங்கள் இருக்க வேண்டும். வட்டம் இல்லாமல் ஓட்டை மட்டும் இருந்தால் செதில் பாம்பின் கண்ணிலேயே நின்றுவிட்டது. ஆனால் அந்தச் சட்டையைக் குப்பையில் போட்டுவிட்டு, கண்ணில் ஒரு சுருக்கத்தை மட்டும் பார்த்து முடிவுக்கு வருவது ஆபத்து. தண்ணீர் குறைந்த பாம்பின் கண்ணாடிச் செதிலில் பள்ளமோ மடிப்போ விழும். அங்கே உரிப்பதற்கு எதுவுமே இல்லை. இருப்பது பாம்புக்குத் தேவையான ஒரே செதில்.

இங்கேதான் பெருந்தவறு நடக்கிறது. செலோடேப்பை ஒட்டி இழுப்பது, புருவம் திருத்தும் இடுக்கியால் விளிம்பைக் கிள்ளுவது என்று காணொளிகளில் காட்டும் வித்தைகள் எல்லாம் இந்தக் கண்ணுக்கு எதிரி. பழைய செதிலோடு சேர்ந்து புதியதும் கிழிந்து வந்தால் கருவிழிப் படலம் காற்றில் நின்று காயும். அதை நனைக்க இமையில்லை. சில நாட்களில் புண்ணாகும், கிருமி உள்ளே இறங்கும், விழி முழுவதும் சீழ் பிடிக்கும். அதன்பின் கண்ணை அகற்றுவதைத் தவிர வழியிருக்காது. ஒட்டிய செதில் ஒன்று அடுத்த சட்டை வரை இருந்தாலும் பாம்புக்குப் பெரும் கேடில்லை. அவசரப்பட்ட விரலால்தான் கேடு.

செய்ய வேண்டியது இதுதான். மூடியில் காற்றுத்துளை போட்ட பிளாஸ்டிக் பெட்டியில், பாம்பின் உடல் பாதி நனையும் அளவுக்கு 26 முதல் 28 பாகை வெப்பமுள்ள நீர் விட்டு, 20 முதல் 30 நிமிடம் பாம்பை விடுங்கள். தலை நீருக்கு மேலே இருக்க இடம் வேண்டும். பக்கத்தில் ஆள் இல்லாமல் விடக்கூடாது. எடுத்தபின் காபோமர் அல்லது ஹையலூரோனிக் அமிலம் கலந்த மசகு ஜெல்லை, மருந்து எதுவும் சேராத வகையாகப் பார்த்து, செதிலின்மேல் ஒரு துளி தடவுங்கள். நாளுக்கு இரண்டு மூன்று முறை, மூன்று நான்கு நாள். ஜெல்லில் செதில் இளகியதும் நனைத்த காட்டன் பட் ஒன்றை மூக்குப் பக்க விளிம்பிலிருந்து பின்பக்கமாக, அழுத்தாமல் உருட்டுங்கள். இளகியிருந்தால் விளிம்பு தானாகத் தூக்கும். தூக்காவிட்டால் நிறுத்திவிடுங்கள். தொட்டிக்குள் ஓர் ஈரப்பெட்டி வைத்து அடுத்த சட்டைக்குக் காத்திருங்கள். இரண்டு லீற்றர் ஐஸ்கிரீம் பெட்டி போதும். பக்கத்தில் பாம்பின் உடலைவிடச் சற்றுப் பெரிய துளை, விளிம்பைத் தேய்த்து மழுங்கச் செய்து, உள்ளே பிழிந்த ஈரத்தோடு தென்னந்தும்பு. சூடான பக்கத்தில் வைத்தால் உள்ளே நல்ல ஈரம் நிற்கும். இரண்டு மூன்று சட்டைகளின் செதில்கள் அடுக்கடுக்காகத் தடித்திருந்தால் வீட்டில் முயல வேண்டாம். பெரிதாக்கும் கண்ணாடியோடு மிருக வைத்தியர் செய்ய வேண்டிய வேலை அது.

தென்னந்தும்பு இங்கே மலிவு, ஈரத்தையும் நன்றாகப் பிடிக்கும். ஆனால் மே தொடங்கி செப்டம்பர் வரையான தென்மேற்குப் பருவமழையில், ஏசி இல்லாத வீட்டில், காற்றோட்டமில்லாத தொட்டியில் அதே தும்பு ஊறிக் கிடந்தால் வயிற்றுச் செதில்கள் புண்ணாகும், பங்கசு வரும். முழுத் தொட்டியையும் நனைத்து வைப்பதைவிட ஓர் ஈரப்பெட்டி நல்லது என்று நாம் அழுத்திச் சொல்வது இதனால்தான். ஈரம் வேண்டியபோது பாம்பு தானே உள்ளே போகும்.

ஒவ்வொரு முறையும் செதில் ஒட்டுகிறது, ஈரப்பதமும் சரியாக இருக்கிறது என்றால் செதிலைச் சுற்றியுள்ள பள்ளத்தைப் பாருங்கள். பாம்புச் சிற்றுண்ணி அங்கேதான் பதுங்கும். ஊசித்தலை அளவு, ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர்தான், கறுப்பாகப் பளபளக்கும். கண்ணின் விளிம்பைக் கொஞ்சம் தூக்கினாற்போல் வீங்கவைக்கும். பாம்பு வழக்கத்துக்கு மாறாகத் தண்ணீர்க் கிண்ணத்திலேயே கிடந்தால், கிண்ணத்தின் அடியில் மிளகுத் தூள் போல் கறுப்பு படிந்தால், சந்தேகமே வேண்டாம். வெள்ளைத் துடைதாளால் உடலைத் துடைத்துப் பாருங்கள். கண்பள்ளத்தில் இருப்பவற்றை மருந்தில்லாத கண்மசகுக் களிம்பு தடவி மூச்சுத்திணறச் செய்யலாம். பூச்சிமருந்து எதுவும் கண்ணருகே போகக்கூடாது. தும்பை எல்லாம் அகற்றி, தொட்டியைக் கழுவி, தாள் விரித்து வையுங்கள். உண்ணி முட்டை தொட்டியின் இடுக்குகளில்தான் இருக்கும் என்பதால் ஒரு முறை சுத்தம் செய்வது போதாது, மூன்று நான்கு வாரம் தொடர வேண்டும். உடலுக்கான மருந்தை மிருக வைத்தியர் தரட்டும். ஐவர்மெக்டின் பாம்புக்குக் கொடுக்கப்பட்டால், அதே வீட்டில் ஆமை இருக்கிறதா என்று அவரிடம் சொல்லிவிடுங்கள். ஆமைக்கு அது நஞ்சு.

இனி இடைவெளி. டோர்ச்சின் பிம்பம் கூர்மையாக இருக்கிறது, ஆனால் செதிலுக்குக் கீழே ஏதோ தேங்கியிருக்கிறது என்றால் அதன் நிறத்தைக் கவனியுங்கள். நீர் தெளிவாக இருந்து, செதில் மட்டும் குமிழியாகப் புடைத்து, உள்ளே விழி பழைய அளவிலேயே தெரிந்தால் கண்ணீர்க் குழாய் அடைபட்டிருக்கிறது. பார்ப்பவர்கள் விழியே பெருத்துவிட்டது என்று நினைப்பார்கள். பிறவியிலேயே குழாய் திறக்காமல் இருக்கலாம், வாய்ப்புண் ஆறியபோது தழும்பு மூடியிருக்கலாம், பக்கத்துக் கட்டி நெருக்கியிருக்கலாம். நீர் பால்போல், மஞ்சள்போல் கலங்கியிருந்தால் அது சீழ். பெரும்பாலும் ஒரு கண்ணில் மட்டும் வரும்.

அந்தச் சீழ் எங்கிருந்து வந்தது என்று தேடினால் பலமுறை வாயில்தான் போய் நிற்போம். கண்ணீர் வாய்க்குள் வடியும் அதே குழாய் வழியாக வாய்ப்புண்ணின் கிருமி மேலே ஏறுகிறது. ஆகவே கண் வீங்கிய பாம்பின் வாயைத் திறந்து பார்க்காத பரிசோதனை அரைப் பரிசோதனை. ஈறு சிவந்து, வெண்ணெய்க்கட்டி போல் ஏதும் படிந்திருந்தால் மூலம் அங்கே. உயிருள்ள எலியை இரையாக விட்டு, அது கடித்த காயமும் வழியாகலாம். கொன்று உறையவைத்து, பிறகு இளக்கிச் சூடாக்கிய எலியைக் கொடுப்பதால் இந்த ஒரு வழி முழுதாக அடைபடும். அரிதாக, இரத்தம் வழியாக உடலெங்கும் பரவிய தொற்றின் ஓர் அடையாளமாகவும் கண்ணில் சீழ் வரும். அப்போது பாம்பு சோர்ந்து, இரை எடுக்காமல், எடை குறைந்திருக்கும்.

இந்தச் சீழுக்குச் சொட்டு மருந்து உதவாது, ஊசி மருந்து மட்டும் போட்டாலும் போதாது. ஊர்வனவற்றின் சீழ் நாளடைவில் பாலாடைக்கட்டி போல் இறுகும், தானாக வடியாது. மிருக வைத்தியர் பாம்பை மயக்கி, கண்ணைக் கடிகார முகமாக எண்ணி, கீழ்ப்பாதியில் 4 மணிக்கும் 6 மணிக்கும் இடைப்பட்ட இடத்தில் செதிலில் ஏறத்தாழ 30 பாகை அளவான சிறு ஆப்புத் துண்டை வெட்டி எடுப்பார். கீழ்ப்புறம் என்பதால் வடிவதற்கு வசதி. வெட்டு சிறியது என்பதால் கருவிழி காயாது. வரும் சீழில் ஒரு பகுதி நுண்ணோக்கியில் பார்க்கவும், ஒரு பகுதி பற்றீரியா வளர்ப்புச் சோதனைக்கும் போக வேண்டும். இதைச் செலவு என்று தவிர்க்காதீர்கள். பாம்பின் வாயிலிருந்து ஏறுபவை பெரும்பாலும் சூடோமோனாஸ் போன்ற கிராம் எதிர் வகைகள்; கைக்குக் கிடைக்கும் மருந்துகள் பலவற்றுக்கு அவை மசியாது. மிச்சத்தைக் கிருமிநீக்கிய உப்புநீரால் கழுவி எடுப்பார்கள். இப்போது செதிலில் வாசல் திறந்திருக்கிறது. இனித்தான் கண்சொட்டு மருந்துக்கு வேலை. ஸ்டீரோய்ட் கலக்காத அன்டிபயோட்டிக் சொட்டும் மசகு ஜெல்லும் அந்த வெட்டு வழியாக உள்ளே போகும்.

கூடவே ஊசி மருந்தும் தேவைப்படும். பாம்புக்கு அதிகம் பயன்படுவது செஃப்டாசிடிம் என்ற அன்டிபயோட்டிக்: உடல் எடையின் ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராம், 72 மணித்தியாலத்துக்கு ஒரு முறை. 1.2 கிலோ எடையுள்ள பாம்புக்கு 24 மில்லிகிராம். மில்லிலீற்றருக்கு 100 மில்லிகிராம் வீதம் கரைத்திருந்தால் 0.24 மில்லிலீற்றர். மூன்று நாளுக்கு ஒரு முறையா என்று கேட்டு, பாவம் பார்த்து நாளுக்கு ஒன்றாக்கும் வீட்டுக்காரர்கள் இருக்கிறார்கள். பாம்பின் உடல் மருந்தை மெதுவாகவே வெளியேற்றும், இடைவெளியைக் குறைத்தால் தேங்கும். அதேபோல் மருந்து ஏறும் நாட்களில் தொட்டி அந்த இனத்துக்குரிய வெப்பத்தில் இருந்தே ஆக வேண்டும். குளிர்ந்த பாம்பில் மருந்தும் சரியாக வேலை செய்யாது, எதிர்ப்புச் சக்தியும் எழாது. மின்வெட்டு நேரத்தில் ஹீட் மேட் நின்றுவிடும், ஏசியும் நின்றுவிடும் என்பதால் கொழும்பில் அது பெரிய இடர் இல்லை. ஏசி ஓடிக்கொண்டிருக்க, வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டின் உணரி இடம் பெயர்ந்து ஹீட் மேட் மட்டும் அணைந்து கிடப்பதே அடிக்கடி நடக்கும் கோளாறு.

வெட்டிய இடம் அடுத்தடுத்த சட்டைகளில் புதிய செதிலால் மூடிக்கொள்ளும். அதுவரை தும்பு, மரத்தூள் எதுவும் வேண்டாம், வெள்ளைத் தாள் மட்டும். தெளிந்த நீர் தேங்கும் குழாய் அடைப்பில் ஊசியால் நீரை உறிஞ்சினால் சில நாள் தணியும், திரும்ப நிறையும். வாய்ப்புண் ஆறினால் குழாயும் திறந்துகொள்ள வாய்ப்புண்டு. தழும்பு நிரந்தரமாக அடைத்துவிட்டால், இடைவெளியின் அடிப்பகுதியிலிருந்து மேலண்ணத்துக்குப் புதுத் துளை போட்டு, அது மூடாதபடி மெல்லிய சிலிக்கோன் குழாயைச் சில வாரம் தைத்து வைப்பார்கள். நுட்பமான வேலை, பழகிய கை வேண்டும்.

விழியில் வரும் கோளாறுகளில் வீட்டுக்காரர் செய்யக்கூடியது குறைவு. முதிர்ந்த பாம்பின் வில்லையில் கண்புரை விழலாம், கருவிழியில் கொழுப்புப் படியலாம். பிறவியிலேயே ஒரு கண் சிறுத்திருக்கலாம், இல்லாமலே இருக்கலாம். வலியில்லாவிட்டால் இவற்றை அப்படியே விடுவதே நல்லது. கண்மணி மேலே செருகியபடி தலை வானத்தைப் பார்த்தாலோ, மல்லாத்தினால் புரள முடியாவிட்டாலோ அது மூளை, நரம்புச் சிக்கல். உடனே மற்றப் பாம்புகளிடமிருந்து பிரித்துவிடுங்கள். இன்னொன்று: ஆமையின் கண் வீங்கினால் விற்றமின் ஏ குறைபாடு என்பார்கள். அது ஆமைக்குச் சரி. முழு எலியை விழுங்கும் பாம்பு அதன் ஈரலோடு வேண்டிய விற்றமின் ஏயையும் விழுங்கிவிடுகிறது. சொட்டாகவோ ஊசியாகவோ மேலும் கொடுத்தால் நஞ்சாகும்.

மிருக வைத்தியரிடம் போகும் பாம்பின் விழித்திரையைப் பார்க்க, மனிதருக்கு விடுவதுபோல் அட்ரோப்பின் விட்டால் கண்மணி விரியாது. ஊர்வனவற்றின் கருவிழித்திரைத் தசை வேறு வகை, செதிலும் மருந்தை மறிக்கும். இருட்டறையிலோ மயக்கத்திலோதான் பார்க்க முடியும். இது தெரிந்தவரிடம் போவதே முக்கியம். கொழும்பில் நாய், பூனை பார்க்கும் சிகிச்சை நிலையங்கள் நிறைய உண்டு. போகும்முன் தொலைபேசியில் பாம்புக்கு மயக்க மருந்து கொடுத்துப் பழக்கமா, வளர்ப்புச் சோதனை அனுப்புவார்களா என்று கேளுங்கள். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்திய பீடத்துக்குப் பரிந்துரைத்தால் தயங்க வேண்டாம். பயணத்துக்குத் துணிப்பையில் பாம்பு, அதைத் துளையிட்ட ரெஜிபோம் பெட்டியில் வைத்து, காரின் ஏசிக் காற்று படாமல் கொண்டுபோங்கள். பெட்டிக்குள் 26 முதல் 30 பாகை இருக்கட்டும். கழன்ற சட்டை, எடைக் குறிப்பு, கடைசியாக இரை எடுத்த நாள், கொடுத்த மருந்துகளின் பெயர் எல்லாம் கூடவே போக வேண்டும். சுரண்டிப் பார்த்திருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

மலைப்பாம்பு போன்ற நம் நாட்டு இனங்களை அனுமதியின்றி வீட்டில் வைத்திருக்க 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இடம் தராது. வெளிநாட்டு இனங்களுக்கும் கொண்டுவந்த அனுமதி வேண்டும். போல் பைத்தன், அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. பத்திரம் இல்லாத பாம்பு வைத்தியரிடம் போகத் தயங்கி, வீட்டிலேயே செலோடேப்புக்கும் இடுக்கிக்கும் இரையாகிறது. பாம்பை வாங்கும்முன் பத்திரத்தைக் கேட்பது அதன் கண்ணுக்கும் காப்பு. காயப்பட்ட காட்டுப்பாம்பு என்றால் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்துக்கு அறிவியுங்கள்.

எல்லாம் செய்தும் விழி அழுகிவிட்டால் அகற்றுவதே பாம்புக்குச் செய்யும் நன்மை. தைத்து மூட இமைத்தோல் இல்லாததால் குழி திறந்தே இருந்து உள்ளிருந்து சதை வளர்ந்து ஆறும். அதற்குப் பல வாரம் ஆகும், தினமும் கழுவிக் களிம்பிட வேண்டும். போல் பைத்தனுக்கு உதட்டோரக் குழிகள் வெப்பத்தை உணரும், நாக்கு மணத்தைப் பிடிக்கும். இரு கண்ணும் போன பின்னும் இரை எடுக்கும். பாம்புக்குக் கட்செவி, அதாவது கண்ணையே செவியாக உடையது, என்று நம்மவர்கள் பெயர் வைத்தார்கள். அதன் உட்செவியோ தாடை எலும்பு வழியாக நிலத்தின் அதிர்வைக் கேட்கிறது. கண் போன பாம்பின் தொட்டியைத் திறக்கும்முன் பக்கச் சுவரில் இரண்டு முறை விரலால் தட்டுங்கள். இளக்கிய எலியை 38 பாகை வரை சூடாக்கி, இடுக்கியால் பிடித்து, மூக்குக்கு முன்னே அசையாமல் நீட்டுங்கள்.